விமானம் வருகிறதென்று ஊரைப் பெருக்கினோம்

போன புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு எங்கள் வீட்டுக்கு மேலே ஒரு விமானம் வந்தது. திண்டிவனத்துக்கு மேலே விமானம் பறப்பது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் அவையெல்லாம் எங்கேயோ போய்க்கொண்டிருக்கும் விமானங்கள். இது எங்களுக்காகவே வந்த விமானம். கோயில் பிராகாரம் சுற்றுவது போல எங்கள் தலைக்கு மேலேயே சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது.

எங்கள் நகரே மொட்டை மாடியில் நின்றது. எல்லோர் கையிலும் செல்போன். எதிர்வீட்டுக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து ஆட்டினார். நகர் நலச் சங்கத்தின் செயலாளர் தனபால் சார் – ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர் – வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட்டில் தண்ணீர்த் தொட்டியின் மேலேயே ஏறிவிட்டார். விறைப்பாக ஒரு சல்யூட் வேறு.

“மேடம்! பைலட்டு நம்மளப் பாத்துட்டாரு!” என்று அங்கிருந்தே கத்தினார்.

நான் சிரித்துக்கொண்டேன். உங்களிடம் சொல்ல என்ன வெட்கம்? எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இந்த விமானம் வரப்போகிறது என்று ஊருக்கெல்லாம் சொன்னவளே நான்தானே!

சொல்லியிருக்கக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

என் நாத்தனார் கலைச்செல்வி எங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறாள். அவளுக்குக் காற்றில் கலந்திருக்கிற வாயுக்களை அளக்கிற வேலை. எங்கள் நகரை ஒட்டி, விழுப்புரம் போகும் ரோட்டில் ஒரு கல்லூரி இருக்கிறது. அதன் மொட்டை மாடியில் அவளுடைய கண்ணாடி ஒன்று காலையிலிருந்து சாயந்திரம் வரை சூரியனையே பார்த்துத் திரும்பிக்கொண்டிருக்கும். அது பிடித்துத் தரும் வெயிலைக் கீழே ஓர் அறையில் இருக்கும் பெட்டி பிரித்துப் பார்க்கும்.

வெயிலில் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் இருக்கின்றனவாம். வருகிற வழியில் ஒவ்வொரு வாயுவும் அதில் தனக்கென்று ஒரு பங்கை விழுங்கிவிடுமாம். எந்தப் பங்கு எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் போதும்... தரையிலிருந்து வானத்து உச்சி வரை எந்த வாயு மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று அந்தப் பெட்டி சொல்லிவிடும். மேகம் வந்தால் அதற்கு லீவு. மழை வந்தாலும் லீவு. ஆனால் வெயில் அடித்தால் கலைக்கு லீவே கிடையாது. என் மகள் நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றி முடிப்பதற்குள் எழுந்து ஓடினவள் அவள்.

இப்படியே நான்கு வருடம் அளந்தாள். அளந்ததில்தான் ஒரு சிக்கல். கார்பன் மோனாக்சைடு என்று ஒரு வாயு. எதையாவது அரைகுறையாக எரித்தால் வருவது. கலையின் கணக்கில் இது திடீர் திடீரென்று எகிறும். மறுநாள் ஒன்றும் தெரியாதது போல இறங்கிவிடும். மேலிடத்து விஞ்ஞானிகள் பார்த்தார்கள். தொழிற்சாலை நகரமா? இல்லை. பெரிய சிட்டியா? அதுவும் இல்லை. ஒரு சின்ன ஊரில் இவ்வளவு எப்படி வரும்? அப்படியானால் கருவிதான் கோளாறு!

யார் சொல்வது சரி என்று பார்க்கத்தான் விமானம். அது ஒவ்வொரு உயரத்திலும் காற்றைக் குழாய் வழியாக உள்ளே இழுத்து, அங்கேயே அளக்கும். எல்லா உயரத்தையும் கூட்டினால் ஒரு மொத்தம் வரும். தரையில் இருக்கும் கலையின் கருவியும் ஒரு மொத்தம் சொல்லும். இரண்டும் ஒத்துப்போனால் கருவி இங்கேயே இருக்கும், நான்கு வருடக் கணக்கும் செல்லும். ஒத்துப்போகாவிட்டால் பெட்டியைக் கழற்றி வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். நான்கு வருட உழைப்பு குப்பைக்கூடைக்குப் போகும்.

இவ்வளவையும் அவள் என்னிடம் பொறுமையாகச் சொன்னாள். நான் என்ன செய்தேன்? எங்கள் நகர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் போட்டேன்.

‘அன்பு நண்பர்களே! வரும் புதன்கிழமை காலை நம் நகருக்கு மேலே ஆராய்ச்சி விமானம் வருகிறது. மேலிருந்து நம் ஏரியாவை ஆராயப் போகிறார்கள். நம் கலையின் பெருமை, நம் ஊரின் பெருமை!’

கூடவே இரண்டு பூ, ஒரு விமானம், ஒரு தேசியக் கொடி. பத்தி எழுதுகிற கை அல்லவா... சும்மா இருக்குமா? ‘காற்றை’ என்கிற ஒரே ஒரு வார்த்தையைப் போட மறந்துவிட்டேன். அது எனக்கு அப்போது தெரியவில்லை.

அன்று சாயந்திரமே தனபால் சார் கேட் அருகே நிறுத்திக் கேட்டார். “மேடம், மேலேர்ந்து பாத்தா எல்லாம் தெரிஞ்சிடுமா?”

“எல்லாமே தெரியும் சார்!” என்றேன். என்னவோ நானே விமானம் ஓட்டுகிற மாதிரி.

கலை முதல் நாளே சென்னைக்குப் போய்விட்டாள். விமானக் குழுவோடு அவள் இருக்க வேண்டுமாம். இங்கே கருவி தானாகவே அளந்துகொள்ளும். அவள் திரும்பி வந்தது வியாழக்கிழமை சாயந்திரம். செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தாள்.

“ஒத்துப்போகல அண்ணி.”

“கொஞ்சமா?”

“கொஞ்சம்னா பரவால்லயே. பிளேன் சொல்றதும் நான் சொல்றதும் ரெண்டு வேற ஊர் மாரி இருக்குது. என்னுதுதான் ரொம்ப அதிகம். நாளைக்கு பதினோரு மணிக்கு விழுப்புரத்துல மீட்டிங்கு. பொட்டிய கட்டிக்கினு போயிடுவாங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கலை அழுகிற ரகம் இல்லை. அழுதிருந்தால்கூடத் தேறுதல் சொல்லியிருப்பேன். அவள் சுவரைப் பார்த்து, தனக்குத்தானே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“பிளேன் தரை வரிக்கும் வரல அண்ணி. ஊருக்கு மேல ஒரு அளவுக்குக் கீழ எறங்க பர்மிஷன் கெடையாது. அதுக்குக் கீழ இருக்கற காத்த அது தொடவே இல்ல.”

“அப்போ அந்தக் காத்துக்குக் கணக்கு?”

“மேல எப்படியோ கீழயும் அப்படியேதான்னு வெச்சிக்குவாங்க.”

எனக்குச் சமையலறையை வைத்துத்தான் எதுவும் புரியும். “பாலை மேலாகக் கரண்டியில எடுத்து ருசி பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்ற மாரியா? அடிப்பிடிச்சிருந்தா?”

“அதேதான்! ஆனா அடிப்பிடிக்கற மாரி அன்னிக்கு இங்க ஒண்ணும் இல்லியே... புகை ஏதாச்சும் இருந்துச்சா அண்ணி?”

“புகையா? சுத்தமா இல்ல. என்னா அழகான பனி தெரியுமா!”

போனை எடுத்து நான் வைத்த ஸ்டேட்டஸைக் காட்டினேன். எங்கள் நகரையும் கல்லூரியையும் ஒட்டிய ஏரிக்கரை முழுக்க வெள்ளையாகப் படுத்திருந்தது பனி. கீழே, ‘திண்டிவனமா, ஊட்டியா?’ என்று என் கைவண்ணம். கலை அதை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாப்பிடாமல் மாடிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் அவள் விழுப்புரத்துக்குக் கிளம்பிவிட்டாள். நான் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் தெருக்களைப் பெருக்குவதற்குச் சங்கம் வைத்திருக்கிற ராணி, கூடையும் துடைப்பமுமாக வந்தாள். கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன.

“இன்னா ராணி, கண்ணு இப்டி இருக்குது?”

“அத்த ஏம்மா கேக்கறீங்க. புதன்கெழமலேர்ந்து ஒரே எரிச்சலு. தொண்டையும் கட்டிக்கிச்சு. விடிகாலைல அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சு, பிளேனு வர்ற வரிக்கும் கொளுத்திக்கினே இருந்தோம்ல?”

“எத்த கொளுத்தினீங்க?”

“குப்பையதாம்மா. ஏரிக்கரை குப்பை மொத்தமும். டயரு, ஃபிளெக்ஸு பேனரு, கிழிஞ்ச மெத்தை, தேங்கா மட்டை... மூணு டிராக்டரு தேறும். மேலேர்ந்து பாத்தா அசிங்கமா தெரியும், ஜல்தி ஜல்தின்னு தனபால் சாரு ஒரே பேஜாரு பண்ணிட்டாரு. அஞ்சு பேரு சுத்தி நின்னுக்கினு கொளுத்தினோம்.”

கோலமாவு கிண்ணம் கையிலிருந்து நழுவியது. ஊட்டி... என் ஊட்டி! நான் போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் காட்டினது குப்பைப் புகை! அன்று மூக்கில் அடித்த வாடையைக்கூட, எப்போதும் வருவதுதானே என்று விட்டிருந்தேன்.

“மேலேர்ந்து தெரியும்னு யாரு சொன்னது?” என்று கேட்டேன். பதில் தெரிந்துதான் கேட்டேன்.

ராணி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “நீங்கதாம்மா. குரூப்புல போட்டீங்களாமே?”

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் ஊருக்கு யாராவது பெரிய மனிதர் வந்தால் என்ன செய்கிறோம்? பெருக்குகிறோம். ரோட்டோரம் பிளீச்சிங் பவுடரால் கோடு போடுகிறோம். பெருக்கியதைக் குவிக்கிறோம். குவித்ததை? ஒரு தீக்குச்சி. அதோடு ஊர் சுத்தமாகிவிட்டது! நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற சுத்தம் இதுதான். எங்கள் வீட்டு வேப்பஞ்சருகையும் நான் இப்படித்தான் ‘சுத்தம்’ செய்கிறேன். ஆக, புகையை அளக்க வந்த விமானத்தைப் புகை போட்டு வரவேற்றிருக்கிறோம். அந்தப் புகையும் குளிர்ந்த காலையில் மேலே எழும்ப முடியாமல் ஏரிக்கரையிலேயே படுத்துவிட்டது. விமானம் அதற்கு மேலேயே சுற்றிவிட்டுப் போய்விட்டது. கலையின் கருவி மட்டும் கீழே உட்கார்ந்து அத்தனையையும் பார்த்திருக்கிறது.

“நீ வீட்டுக்குப் போ ராணி, கண்ணுக்கு மருந்து வாங்கித் தர்றேன்” என்றேன்.

“நான் போயிட்டா தெருவ யாரும்மா பெருக்கறது?” என்று கேட்டுவிட்டு அவள் பாட்டுக்குப் பெருக்க ஆரம்பித்தாள்.

தனபால் சார் வீட்டுக்கு ஓடினேன். வாசலிலேயே மலர்ந்த முகம். “வாங்க மேடம்! ரிப்போர்ட் வந்துடுச்சா? க்ளீன்னு போட்டாங்களா?”

“சார், அவங்க அளக்க வந்ததே புகையைத்தான் சார்.”

அந்த மனிதரின் முகம் போன போக்கை நான் எழுத மாட்டேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். “ஏரியாவப் பாப்பாங்கன்னுதானே மேடம் போட்டீங்க... குப்பைதானே கண்ணுக்குத் தெரியும்? காத்து எங்க தெரியும்னு நெனச்சேன்” என்றார். அவரை எப்படித் திட்டுவது? எழுதியது நான். கேட்டபோது எல்லாம் தெரியும் என்று அடித்துச் சொன்னதும் நான்.

நல்லவேளை, மனிதர் எதற்கும் போட்டோ எடுக்கிறவர். கொளுத்துவதற்கு முன், கொளுத்தும்போது, கொளுத்திய பின் என்று இருபது படங்கள். ஒவ்வொன்றிலும் நேரம் பதிவாகியிருந்தது. மறுபேச்சு இல்லாமல் எல்லாவற்றையும் என் போனுக்கு அனுப்பினார்.

கலைக்கு போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். மறுபடியும் போட்டேன். அதே கதை.

என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்: “அத்தன பேரு எதிர்ல நீ போயி சொல்லணுமா? குப்பையப் பத்தியெல்லாம் பேப்பர்ல எழுதறவ நீ. அப்பறமா கலைகிட்ட மட்டும் மெதுவா சொல்லிக்கலாமே?”

அவர் சொன்னதில் எனக்கு ஆசை வந்தது. பொய் சொல்ல மாட்டேன், நிஜமாகவே வந்தது. போன வருடம் இதே பக்கத்தில் பிளாஸ்டிக் எரிப்பவர்களை நான் வறுத்தெடுத்ததை உங்களில் பலர் கத்தரித்து வைத்திருப்பீர்கள். அந்த முகத்தை வைத்துக்கொண்டு எப்படிப் போய் நிற்பது? ஆனால் அப்புறமாகச் சொன்னால் பெட்டி லாரி ஏறியிருக்கும். ஒன்பதரை மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். விழுப்புரம் வரை ஒவ்வொரு ஸ்டாப்பிலும் டிரைவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

கலை சொல்லியிருந்த ஓட்டலின் மாடியில் ஒரு ஏ.சி. ஹால். ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் இரண்டு கோடுகள் – ஒன்று விமானத்தினுடையது, ஒன்று கலையினுடையது. கோபித்துக்கொண்ட சம்பந்திகளைப் போல விலகி நின்றன. கலை திரைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வாசலில் நின்றவர் தடுக்கத் தடுக்க உள்ளே நுழைந்துவிட்டேன்.

“நான் கலையோட அண்ணி. கருவி மேல தப்பில்ல சார். தப்பு எங்க மேல.”

மூச்சிரைக்கச் சொல்லி முடித்தேன். மெசேஜ், ஏரிக்கரை, மூன்று டிராக்டர் குப்பை, ஊட்டி... எல்லாம். போட்டோக்களைத் திரையிலேயே போட்டார்கள். ஐந்து பத்துக்கு முதல் தீ. எட்டு ஐம்பதுக்கும் புகை. நடுவில் ஒரு படத்தில் ராணி. வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, கையில் கம்போடு நிற்கிறாள். முகமூடி கிடையாது, கண்ணாடி கிடையாது.

குழுவின் தலைவர் நரைத்த தலைக்காரர். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “எத்தனையோ ஊர்ல பறந்திருக்கோம் அம்மா. எங்களை வரவேற்கத் தீ மூட்டின ஊரை இப்பத்தான் பாக்கறேன்” என்றார். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

என் பேச்சை மட்டும் அவர்கள் நம்பிவிடவில்லை. குப்பைப் புகையால் அவ்வளவாக மாறாத வேறொரு வாயுவின் கணக்கை எடுத்தார்கள். அதே நாள், அதே நேரம். திரையில் விமானத்தின் கோடும் கலையின் கோடும் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தன. கருவி பழுது என்றால் இதிலும் தப்பாகக் காட்ட வேண்டுமே? காட்டவில்லை. பக்கத்தில் இருந்தவர்களோடு தாழ்ந்த குரலில் பேசிவிட்டுத் தலைவர் கலையைப் பார்த்தார். “கருவி சரி. ஸ்டேஷன் திண்டிவனத்துலேயே இருக்கட்டும்.”

கலை தலையை மட்டும் ஆட்டினாள். வெளியே வராந்தாவுக்கு வந்த பிறகும் என்னைப் பார்க்கவில்லை.

“மன்னிச்சிடு கலை.”

“பொட்டி போயிருந்தா மன்னிச்சிருக்க மாட்டேன் அண்ணி” என்றாள். நேராகச் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு அவளே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். “வாங்க, டீ குடிக்கலாம். காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல.”

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு டீக்கடை. இரண்டு பன்னையும் ஒரு டீயையும் அவள் விழுங்கிய வேகத்தைப் பார்த்து எனக்கு உயிர் வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று வாய்விட்டே சொன்னேன். கலை லேப்டாப்பை எடுத்து பெஞ்சில் வைத்தாள்.

“இதப் பாருங்க அண்ணி. நாலு வருஷம். இந்த எகிறல் எல்லாம் கருவியோட தப்பாதான் இருக்கும்னு நானே பாதி நம்பிக்கினு இருந்தேன். இப்ப கருவி சரின்னுட்டாங்க.”

அவள் சொன்னது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. கருவி சரி என்றால்... புதன்கிழமை மட்டுமா சரி? நான்கு வருடமும் சரி! திரையைப் பார்த்தேன். கோடு வரிசையாகக் குத்திக் குத்தி மேலே ஏறியிருந்தது. எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன்.

எல்லாவற்றையும் விட உயரமாக ஒன்று தனியாக நின்றது. பார்க்கவே பயமாக இருந்தது. குற்றவாளிக்குத் தன் குற்றம் தெரியாதா? அதன் மேல் விரலை வைத்தேன்.

“இதானே நாங்க கொளுத்தின நாளு?”

கலை என் விரலைப் பிடித்து நகர்த்தி, ஓரத்தில் இருந்த ஒரு நடுத்தர உயரத்தில் வைத்தாள். “இதான் அண்ணி புதன்கெழம.”

“அப்போ அந்தப் பெருசு? போகியா?”

“போகி இங்க இருக்குது பாருங்க. அதவிடவும் கம்மிதான். நீங்க காட்டினது சும்மா ஒரு செவ்வாய்க்கெழம.”

அன்றைக்கு விமானம் எதுவும் வரவில்லை. எதற்காகக் கொளுத்தினோம் என்று எனக்கு ஞாபகம்கூட இல்லை.